மூன்று துண்டு வீல்களை வீட்டிலேயே புதுப்பித்தல்: போர்ஷே 944, பழைய பிபிஎஸ் ஆர்எஸ்

நெக்கார்க்கரை | மார்ச் 2

அனைவருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, நெக்கார் ஆற்றங்கரையில் வாடகை வீடு. கீழே ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கொட்டகை. அதில் 1989 மாடல் போர்ஷே 944. ஆற்றின் போக்கிலேயே வடக்கே போனால் நெக்கார்சுல்ம் வரும். இந்தக் கார் அங்கே, ஆடி நிறுவனத்தின் தொழிற்சாலையில் பிறந்தது. பெயர் ஒரு வீட்டுடையது, பிறப்பு இன்னொரு வீட்டில்.

சென்ற மாதம் பிபிஎஸ் ஆர்எஸ் வீல் செட் ஒன்று வாங்கினேன். 16 அங்குலம், முன்னால் 7 அங்குல அகலம், பின்னால் 8. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இவை ஒரே வார்ப்பாக இல்லாமல் மூன்று துண்டாக வருபவை. கம்பிவலை போன்ற நடுத்தட்டு, வெளியே தெரியும் முன் உதடு, உள்ளே மறைந்திருக்கும் பின் உருளை. மூன்றையும் வட்டமாகச் சுற்றி வரும் போல்ட்டுகள் பிணைக்கின்றன. நான்கு வீலுக்கும் சேர்த்தால் போல்ட் எண்ணிக்கை நூற்றைத் தாண்டும்.

இப்போதைய நிலை: தங்க நிறம் வெளிறி மஞ்சளாகிவிட்டது. உதடுகளில் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போல் கோடுகள். இரண்டு வீல்களில் நடைபாதைக் கல்லில் உரசிய காயம். திட்டம்: எல்லாவற்றையும் பிரிப்பது, நடுத்தட்டுக்குத் தங்க நிறத்தில் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவி அடுப்பில் உருக்கி இறுக்கும் பூச்சு), உதட்டைக் கண்ணாடி போல் மெருகேற்றுவது, போல்ட்டுகளுக்குக் குரோம் முலாம். கோடைக்குள் முடித்துவிட ஆசை. எதில் தொடங்குவது?

கடைசல்பட்டறை | மார்ச் 3

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வாரம் ஒரு அலாய் வீலாவது கைக்கு வரும், மூன்று துண்டு வீல் வருவது அபூர்வம். தம்பி, முதல் வேலை ஸ்பேனரை எடுப்பது அல்ல. டயர் மாட்டியிருக்கும்போதே காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எங்கே குமிழி வருகிறது, எங்கே வரவில்லை என்று எழுதி வையுங்கள். நன்றாகக் காற்றைப் பிடித்து நிற்கிற வீலைப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அப்புறம் பதில் சொல்லுங்கள். தயாரிப்பாளர்கள் பலர் பிரிப்பதையே ஏற்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பிரித்தே தீருவேன் என்றால், எந்த உதடு எந்த நடுத்தட்டோடு, எந்தத் துளைக்கு எந்தத் துளை என்று மையப்பொறி குத்தி அடையாளம் இடுங்கள். மார்க்கர் பேனாவில் எழுதினால் பூச்சு நீக்கியோடு எழுத்தும் போய்விடும். பிரிப்பதற்கு முன்பே டயல் கேஜ் வைத்து, வீல் சுற்றும்போது ஆட்டம் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். திரும்பக் கோத்த பிறகு ஒப்பிட அந்த எண் வேண்டும்.

மலைப்பாதை | மார்ச் 3

இதற்கெல்லாம் தொழில்முறைக் கடைகள் இருக்கின்றன. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை ஓட்டுங்கள். வீல் என்பது உயிர் சம்பந்தப்பட்ட பாகம், வார இறுதிப் பொழுதுபோக்கு அல்ல.

நெக்கார்க்கரை | மார்ச் 3

@மலைப்பாதை, நியாயம்தான். ஒரு கடையில் கேட்டேன், சொன்ன தொகை நான் செட்டுக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். பணம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய். பிபிஎஸ் ஊரான ஷில்டாஹ் எங்களுக்குத் தென்மேற்கே கருங்காட்டு மலைக்குள் இருக்கிறது. 1970-இல் பவும்கார்ட்னர், பிராண்ட் என்று இருவர் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்தோடு ஊரின் முதலெழுத்தையும் சேர்த்ததுதான் பிபிஎஸ். 1972-லேயே பந்தயத்துக்கு மூன்று துண்டு வீல் செய்துவிட்டார்கள். அது சாலைக்கு இறங்கிய வடிவம் 1983-இல் வந்த ஆர்எஸ். பிரித்துக் கோப்பதற்கென்றே பிறந்த பொருள். கைவைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைசல்பட்டறை | மார்ச் 4

பிரித்துக் கோக்கப் பிறந்தது பந்தயக் குழுவின் மெக்கானிக்குக்காக. உதடு நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம், அகலம் வேண்டுமென்றால் வேறு உருளை போடலாம். அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய போல்ட் போடுவார்கள். நீங்கள் போடுவீர்களா?

உலோக வாத்தியார் | மார்ச் 5

பாலிடெக்னிக்கில் உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பவுடர் கோட்டிங் பற்றி இரண்டு வார்த்தை.

அலுமினியக் கலவை வீலின் வலிமை, கலவையில் மட்டும் இல்லை. சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, பிறகு இளஞ்சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். டி6 என்பது அந்தப் பக்குவத்தின் பெயர். 6061 கலவையில் இந்தக் கடைசிக் கட்டம் சுமார் 175 டிகிரியில் எட்டு மணி நேரம். பவுடர் உருகி இறுகுவதோ 180 முதல் 200 டிகிரியில், பத்து இருபது நிமிடம். ஆகவே ஒழுங்கான அடுப்பில் ஒரே ஒரு முறை போவதால் வீல் வெண்ணெயாகிவிடாது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சில கடைகளில் பழைய பூச்சை நீக்க எரிப்பு உலையில் போடுவார்கள், அது 350 டிகிரிக்கு மேல் போகும். அங்கே போய்வந்த வீல் பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே பக்குவம் கலைந்திருக்கும். கடைக்காரரிடம் "பூச்சை எப்படி எடுப்பீர்கள்" என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது, தடிமன். பவுடர் படலம் 60 முதல் 100 மைக்ரான் வரை வரும். துண்டுகள் ஒன்றோடொன்று அமரும் முகத்தில் அது இருந்தால் போல்ட்டின் பிடி உலோகத்தில் விழாமல் பிளாஸ்டிக்கில் விழுகிறது. பிளாஸ்டிக் மெல்ல நசுங்கும், பிடி தளரும். அமரும் முகம், போல்ட் தலை உட்காரும் இடம், ஹப்பில் மாட்டும் நட்டு உட்காரும் குழி, இந்த மூன்றிலும் பூச்சு கூடவே கூடாது.

மலைப்பாதை | மார்ச் 5

ஐயா, ஊரெல்லாம் வீலுக்குப் பவுடர் கோட்டிங்தான் செய்கிறார்கள். யாருடைய வீலும் உடைந்து நான் பார்த்ததில்லை.

உலோக வாத்தியார் | மார்ச் 5

தம்பி, நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் ஒரே துண்டு வீல்கள். அங்கே பூச்சுக்கு அடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய இணைப்பு எதுவும் இல்லை. நான் தடை சொல்லவில்லை, எங்கே பூசக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சில்லூர்தி | மார்ச் 6

டொராண்டோவிலிருந்து. எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கில் இது வீலும் இல்லை, சக்கரமும் இல்லை, சில்லு. அதனால்தான் இந்தப் பெயர்.

உதட்டில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புழுக்கோடு எங்கள் ஊரில் வீட்டுப் பிள்ளை மாதிரி. குளிர்காலம் முழுக்க வீதியில் உப்பு. ஒரு சிறு கல் பட்டுக் கிளியர் கோட்டில் (நிறமற்ற மேற்பூச்சில்) ஊசிமுனைத் துளை விழுந்தால் போதும், உப்பு நீர் உள்ளே போய்ப் பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவில் வழி தேடிக்கொண்டே ஊரும். அதை நிறுத்த ஒரே வழி முழுப் பூச்சையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது. ஆகவே மெருகேற்றிய உதட்டின் மேல் கிளியர் கோட் அடிக்காதீர்கள் என்பது என் கட்சி. வெறும் உலோகமாக விட்டால் மங்கும், மங்கினால் ஒரு மணி நேரம் தேய்த்தால் திரும்ப வரும். குத்துவிளக்கை யாரும் வார்னிஷ் அடித்து வைப்பதில்லையே, புளி போட்டுத் தேய்க்கிறோம். (உதட்டுக்குப் புளி போட்டுவிடாதீர்கள், உவமைக்குச் சொன்னேன்.)

தொடங்கும் முன் ஒரு சோதனை. பூச்சு நீக்கி போட்டுக் கிளியர் கோட்டை எடுத்த பிறகு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் உதட்டில் அழுத்தாமல் தொட்டுப் பாருங்கள். மின்சாரம் ஓடினால் வெறும் அலுமினியம். ஓடாவிட்டால் ஆனோடைசிங், அதாவது மின்தொட்டியில் கடினப் படலம் ஏற்றும் வேலை, செய்திருக்கிறார்கள். அந்தப் படலம் அலுமினியம் ஆக்சைடு. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணலும் பெரும்பாலும் அதுதான். கல்லால் கல்லைத் தேய்ப்பது போல மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

நெக்கார்க்கரை | மார்ச் 22

முதல் அறிக்கை. தண்ணீர்ச் சோதனையில் மூன்று வீல் சுத்தம், நான்காவதில் உள் இணைப்பிலிருந்து நூல் போல் குமிழி. ஆக, பிரிக்க ஒன்றுக்காவது காரணம் கிடைத்துவிட்டது. (மற்ற மூன்றையும் ஏன் பிரித்தீர்கள் என்று கேட்காதீர்கள்.)

போல்ட்டுகள் எம்7 அளவு (7 மில்லிமீட்டர் மரை), பன்னிரண்டு முனைத் தலை. எம்6, எம்8 எந்தக் கடையிலும் கிடைக்கும். எம்7 கேட்டால் கடைக்காரர் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறார். ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தும் மூன்று போல்ட் தலை முறிந்தன. எரிவாயு விளக்கை எடுத்தேன், வாத்தியார் ஐயாவின் 175 டிகிரி நினைவுக்கு வந்து கீழே வைத்துவிட்டேன். முறிந்தவற்றை நடுவில் துளையிட்டு எடுத்தேன், மூன்றுக்கு ஒரு ஞாயிறு போயிற்று. அதுவும் சத்தமில்லாமல் கைத்துளைக் கருவியால். இங்கே ஞாயிற்றுக்கிழமை டிரில் ஓட்டினால் மேல்வீட்டு மூதாட்டி காவல்துறையைக் கூப்பிடத் தயங்கமாட்டார்.

பூச்சு நீக்குவது எதிர்பார்த்ததைவிடக் கடினம். வேலையைச் சட்டென்று முடிக்கும் மெத்திலீன் குளோரைடு நீக்கியை ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்பதில்லை. கிடைத்தது மெதுவாக வேலை செய்யும் களிம்பு. பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரவு முழுக்க விட்டால்தான் தோல் சுருங்குகிறது. நண்பர் ஒருவர் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கச் சொன்னார்.

உலோக வாத்தியார் | மார்ச் 22

வேண்டாம்! காஸ்டிக் சோடா பூச்சோடு நிற்காது, அலுமினியத்தையே தின்னும், கூடவே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மூடிய கொட்டகையில் அது எரியும் வாயு.

நெக்கார்க்கரை | மார்ச் 22

செய்யவில்லை ஐயா, கேட்டதைச் சொன்னேன். மல்டிமீட்டர் சோதனையில் உதடுகள் வெறும் அலுமினியம் என்று தெரிந்தது. ஒரு பெரிய கல் இறங்கியது.

கடைசல்பட்டறை | மார்ச் 23

பழைய போல்ட்டுகளைக் குரோம் முலாம் பூசத் திட்டமிட்டிருந்தீர்களே, அதைப் பேசி முடிப்போம். எங்கள் தெருவிலேயே முலாம் பட்டறை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். முலாமுக்கு முன் அமிலத்தில் போடுவார்கள். அமிலத்திலும் மின்தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்துவிடும். சாதாரண ஆணி என்றால் கவலையில்லை. 10.9 போன்ற உயர்வலிமை போல்ட் என்றால், முறுக்கி இறுக்கிய பிறகு ஒரு நாளோ ஒரு வாரமோ கழித்து, கார் சும்மா நிற்கும்போதே, தலை பட்டென்று தெறித்துவிடும். முலாம் பூசியதும் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றும் பட்டறைகளும் உண்டு. உங்கள் போல்ட்டைச் சுட்டார்களா இல்லையா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

மலைப்பாதை | மார்ச் 23

அப்படியானால் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடலாமே? முலாமே தேவையில்லை, என்றென்றும் பளபளக்கும்.

உலோக வாத்தியார் | மார்ச் 23

கடைகளில் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலிமை குறைந்தபட்சம் 700 மெகாபாஸ்கல். 10.9 வகைக்கு 1,040. அழகுக்காக மூன்றில் ஒரு பங்கு வலிமையைக் கொடுப்பீர்களா? போதாததற்கு, உப்பு நீர் பட்டால் துருப்பிடிக்காத எஃகு தான் தப்பித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் அலுமினியத்தை அரிக்கவிடும்.

நெக்கார்க்கரை | மார்ச் 24

சரி, குரோம் கனவு முடிந்தது. வீலுக்கென்றே செய்த புதிய எம்7 போல்ட், நட்டு முழு செட்டும் வாங்குகிறேன். பவுடர் கோட்டிங்கையும் கைவிட்டுவிட்டேன். விசாரித்த கடையில் பூச்சை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன், "அடுப்பில்தான்" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நடுத்தட்டுக்கு ஸ்பிரே பெயின்ட்தான்.

நெக்கார்க்கரை | ஏப்ரல் 14

மெருகேற்றும் படலம். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் படித்த எந்தக் குறிப்பும் இது எவ்வளவு நேரம் தின்னும் என்று உண்மையைச் சொல்லவில்லை.

உரசல் காயங்களை மெல்லிய அரத்தால் சமன் செய்தேன். கிரைண்டரைத் தொடவே இல்லை. ஆழமாக இருந்த ஒரு பள்ளத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். முழுதும் எடுக்க வேண்டுமானால் உதட்டின் விளிம்பே மெலிந்துவிடும். பற்றவைத்து நிரப்பலாமா என்று வாகனச் சோதனை நிலையத்தில் கேட்டேன். வீலில் வெல்டிங்கும் சூடாக்கி நிமிர்த்துவதும் ஜெர்மனியில் ஏற்கப்படாது, மேற்பூச்சு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்தவர். அந்தத் தழும்பு இருக்கட்டும்.

பிறகு உப்புத்தாள். 240, 320, 400, 600, 800, 1000, 1500, 2000. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். அப்போதுதான் முந்தைய எண்ணின் கீறல் குறுக்காகத் தெரியும், அது முழுதும் மறைந்த பிறகே அடுத்த தாள். முதல் உதட்டில் 400-லிருந்து நேரே 800-க்குத் தாவினேன். பாலிஷ் போட்டு வெயிலில் கொண்டுபோனதும் 400-இன் கீறல்கள் எல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. திரும்ப 400. அந்த ஒரு உதட்டுக்கு 14 மணி நேரம். நான்காவது உதடு ஐந்து மணி நேரத்தில் முடிந்தது.

கடைசியில் டிரில்லில் மாட்டிய சைசல் நார் சக்கரம், வெட்டும் பாலிஷ் கட்டி. அதற்குப் பிறகு மென்பருத்திச் சக்கரம், வெள்ளைக் கட்டி. கறுப்புக் குழம்பு முகமெல்லாம் தெறிக்கிறது. ஆனால் துடைத்ததும் அதற்கு அடியிலிருந்து கொட்டகைக் கூரையின் ஓடு ஒவ்வொன்றும் உதட்டில் தெரிந்ததே, அந்த நிமிடம் வேறு.

கிளியர் கோட் விவாதத்தில் @சில்லூர்தி பக்கம் சாய்கிறேன். என் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே செல்லும் பருவகால எண்பலகையில் ஓடுகிறது, உப்பைப் பார்ப்பதே இல்லை. வெறும் மெருகு, மேலே மெழுகு.

சில்லூர்தி | ஏப்ரல் 14

வாழ்த்துகள் அண்ணா. ஒரு எச்சரிக்கை: அமிலம் கலந்த வீல் கழுவும் திரவம் எதையும் இனி அந்த உதட்டுக்கு அருகில் கொண்டுவராதீர்கள். ஒரே கழுவலில் பால் கொட்டினது போல் வெளுத்துவிடும். கார் ஷாம்பு போதும்.

நெக்கார்க்கரை | மே 4

நடுத்தட்டு: எபாக்சி பிரைமர், தங்க நிறம், இரு கூறுக் கிளியர் கோட். அந்தக் கிளியர் கோட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு முறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறிதளவும் தாங்காது. மேல்வீட்டு மூதாட்டியின் சன்னல் என் கொட்டகைக்கு நேர் மேலே. ஆகவே ஒரு வாடகைப் பட்டறையின் ஸ்பிரே அறையை அரை நாள் எடுத்தேன், வெளிக்காற்று வரும் முகமூடியும் அவர்களே கொடுத்தார்கள். "வீட்டிலேயே" என்ற தலைப்புக்கு இதில் கொஞ்சம் பங்கம்தான்.

நேரம் மிச்சமிருந்ததால் பின் உருளைகளின் உட்புறத்துக்கும் வெள்ளி நிறம் அடித்துவிட்டேன்.

கடைசல்பட்டறை | மே 4

அமரும் முகத்தை மறைத்தீர்களா?

நெக்கார்க்கரை | மே 4

டேப் ஒட்டித்தான் அடித்தேன் அண்ணா.

நெக்கார்க்கரை | மே 18

கோத்தாயிற்று. நட்சத்திர வரிசையில், மூன்று சுற்றாக, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, போல்ட்டோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு. மரைக்கு எண்ணெய் விடவில்லை. தாளில் இருப்பது உலர்ந்த மரைக்கான எண், எண்ணெய் விட்டால் அதே முறுக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். டயல் கேஜில் ஆட்டம் நான்கிலும் அரை மில்லிமீட்டருக்குள், பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறைவு. உதடும் உருளையும் சந்திக்கும் கோட்டில், டயரின் உட்புறமாக வரும் இடத்தில், ஆல்கஹாலால் துடைத்துச் சிலிகோன் பட்டை இழுத்து, ஈர விரலால் அழுத்தி, இரண்டு நாள் விட்டேன். பிறகு டயர்.

மூன்று வீல் காற்றைப் பிடித்து நிற்கின்றன. நான்காவது, அதாவது முதலில் குமிழி விட்டதே அது அல்ல, நன்றாக இருந்த ஒன்று, காலையில் பார்த்தால் தட்டையாகக் கிடக்கிறது.

கடைசல்பட்டறை | மே 18

டயரைக் கழற்றி, சிலிகோன் பட்டையின் ஓரத்தை நகத்தால் தூக்குங்கள். எதோடு வருகிறது என்று சொல்லுங்கள்.

நெக்கார்க்கரை | மே 19

வெள்ளிப் பெயின்ட்டோடு வருகிறது. நாடா உரிப்பது போல், பட்டையும் அதன் அடியில் ஒட்டிய பெயின்ட்டும் சேர்ந்தே. அமரும் முகத்தைத்தான் டேப் ஒட்டி மறைத்திருந்தேன். சிலிகோன் உட்காரும் ஓரத்தை மறைக்கத் தோன்றவில்லை. கடைசியாக அடித்த வீல் இது, அரை நாள் முடியப் போகிறது என்ற அவசரம். மற்ற மூன்றில் ஸ்பிரே அந்த ஓரம் வரை போகவில்லை, அது என் திறமையால் அல்ல.

உலோக வாத்தியார் | மே 19

சிலிகோன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பெயின்ட் விட்டுவிட்டது. ஓரத்தை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, துடைத்து, மறுபடி இழுங்கள். காய்கையில் வினிகர் வாடை அடிக்கும் வகையா, வாடை இல்லாத வகையா?

நெக்கார்க்கரை | மே 19

வினிகர் வாடை.

உலோக வாத்தியார் | மே 19

பலரும் அதையே வீலில் பயன்படுத்துகிறார்கள், நிற்கிறது. வெளியாவது அசிட்டிக் அமிலம் என்பதால், வெறும் உலோகத்தின் மேல் நான் வாடை இல்லாத வகையைத்தான் எடுப்பேன். ஆனால் நான்கு வீலில் ஒன்று மட்டும் வேறு வகையா என்பது உங்கள் விருப்பம்.

நெக்கார்க்கரை | ஜூன் 9

வாடை இல்லாத வகையே போட்டேன். டயர் மாட்டி, சமநிலைப்படுத்தி, உள்பக்கம் ஒட்டும் எடைகள் வைத்து, காரில் ஏற்றி 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. மாலை வெயிலில் கார் நிற்கிறது, மேல்வீட்டு மூதாட்டி இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கார் புதியதா என்று கேட்டார்.

ஒரே குறை, பின் இடது வீல் பத்து நாளில் 0.2 பார் காற்றழுத்தம் இழக்கிறது. சிலிகோனை மாற்றியது பின் வலது. இது வேறு. மறுபடி டயரைக் கழற்ற வேண்டுமா என்று நினைத்தாலே கை வலிக்கிறது.

மலைப்பாதை | ஜூன் 9

கடைக்குக் கொடுங்கள் என்று மார்ச் மாதமே சொன்னேன்.

கடைசல்பட்டறை | ஜூன் 10

கழற்றும் முன் வால்வு வாயில் கொஞ்சம் எச்சில் தடவிப் பாருங்கள். பஞ்சர் கடைப் பையன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நெக்கார்க்கரை | ஜூன் 10

குமிழி. வால்வின் உள் ஊசி.

நெக்கார்க்கரை | ஜூலை 1

ஊசி மாற்றினேன், ஒரு யூரோவுக்கும் குறைவு. 2.5 பார் வைத்து மூன்று வாரம் ஆகிறது, இன்று காலையும் 2.5. உதடுகள் ஒரு முறை மங்கின, அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.